இடது மூலையில் ஆள் இல்லை

தர்ஷன் ரிவர்ஸ் கியர் போட்டதும் வேன் அலறியது. சந்திலிருந்த தாய்மார்கள் குழந்தைகளைத் தேடினார்கள். குழந்தை இல்லாதவர்கள் டூவீலரைத் தேடினார்கள்.

வேனுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. ஒரு நாய்கூட இல்லை. வாலிபாளையத்து நாய்களுக்கு இந்த வேன் வரும் நேரம் மனப்பாடம். முன்கூட்டியே அடுத்த சந்துக்குப் போய்விடும்.

"ஏப்பா தர்ஷா, பின்னால ஆளு இருக்குதா?" என்று பட்டறை வாசலிலிருந்து சென்னியப்பன் கேட்டார். பனியன் துணி துவைத்தால் சுருங்காதபடி அழுத்திக் கொடுக்கும் பட்டறை. துணி சுருங்குவதில்லை, முதலாளிதான் வருஷா வருஷம் சுருங்கிக்கொண்டிருந்தார்.

"யாருமில்லீங்க."

"அப்பறம் எதுக்கு இழவு வீடாட்டம் கத்துது?"

"அதைத்தானுங்க அதுகிட்டக் கேக்கோணும்."

அதைக் கேட்க முடியாது. அதுதான் கேட்கும். ஸ்டியரிங் பக்கத்துத் திரையில் ஒரு கேள்வி வரும்: 'பின்னால் யாராவது இருக்கிறார்களா?' கீழே இரண்டு பொத்தான்கள், ஆம், இல்லை. டிரைவர் இறங்க வேண்டும், பின்னால் போய்க் கண்ணால் பார்க்க வேண்டும், திரும்ப ஏறி 'இல்லை'யை அழுத்த வேண்டும். அப்போதுதான் பிரேக் விடும். 'ஆம்' அழுத்தினால் வண்டி அசையாது, ஆள் நகர்ந்ததை வேனில் பொருத்திய பின்கண் என்ற பெட்டியே பார்த்து உறுதி செய்தபிறகுதான் கிளம்பும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அதை அழுத்திப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆம் என்று சொல்லும்படி ஆள் நின்றால், அவரை அதட்டி விரட்டிவிட்டு 'இல்லை' அழுத்துவதுதான் திருப்பூர் வழக்கம்.

தர்ஷன் இறங்கினான். பின்னால் போனான். வேனின் இடது மூலையைப் பார்த்தான். காற்று இருந்தது. கொஞ்சம் பஞ்சு பறந்தது. திரும்ப ஏறி 'இல்லை'யை அழுத்தினான்.

காலையிலிருந்து இரவுவரை எத்தனை பட்டறையோ, அத்தனை முறை இது நடக்கும். ஒரு மனுஷனை இறங்கவைத்து, நடக்கவைத்து, அவள் இல்லை என்பதை நேரில் பார்க்கவைத்து, அவன் விரலாலேயே அதை உறுதி செய்யவைக்கும் ஏற்பாட்டைப் பாதுகாப்புக்காக என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள்.

அவள் என்பது சுபிக்ஷா.

தர்ஷனுக்கு நாற்பத்தொரு வயது. ஸ்கூலில் எல்.கே.ஜி. சேரும்போது நவநாகரிகமாக இருந்த அந்தப் பெயருக்கு இப்போது பின்னால் 'மாமா' ஒட்டிக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. அந்த வட்டாரத்தில் நாற்பது தாண்டிய ஆண்கள் கல்யாணம் ஆகாமல் இருப்பது சங்கம் வைக்கிற அளவுக்குப் பெருகியிருந்தது. சங்கமே வைத்திருந்தார்கள். மாவட்ட மாநாடு நடத்தினார்கள். தர்ஷன் மட்டும் உறுப்பினராகவில்லை. கேட்டால், "பாக்கலாமுங்க" என்பான். எதைப் பார்க்கிறான் என்று யாருக்கும் தெரியாது. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடது பக்கக் கண்ணாடியை.

பின்கண் வருவதற்கு முன்னால் ஊரில் ஒவ்வொரு சரக்கு வேனுக்கும் ஒரு பின்னாள் உண்டு. முன்னால் இருப்பவர் டிரைவர், பின்னால் நிற்பவர் பின்னாள், அவ்வளவுதான். வேன் முனையில் நின்று, "வரட்டும் வரட்டும், லெப்ட்ல ஒடிங்க, நேரா, ஓல்டான்!" என்று கத்தி, உள்ளே விட வேண்டியது அவர் பொறுப்பு. கத்தல் கேட்காத இரைச்சலில் தட்டல். இரண்டு தட்டு என்றால் வரட்டும். ஒரு தட்டு என்றால் நில். தர்ஷனின் வேனில் பின்னாள் சுபிக்ஷா. ஆறு வருஷம். அவன் முன்னால், அவள் பின்னால், நடுவில் துணி ரோல்கள். பேசிக்கொண்டது குறைவு.

அவளிடம் மூன்றாவதாக ஒன்று இருந்தது. வண்டி கச்சிதமாகப் போய் நின்றதும் உள்ளங்கையைக் கதவின்மேல் அப்படியே வைத்து எடுப்பாள். சத்தமே வராது. ஆனாலும் தர்ஷனுக்கு அது முதுகில் தெரியும். மற்ற பின்னாட்கள் இதைச் செய்வதில்லை என்று அவன் விசாரித்து வைத்திருந்தான்.

விவாகரத்து வாங்கியவள். யாராவது துருவினால், "ரிவர்ஸ் எடுத்துட்டேனுங்க" என்று முடித்துவிடுவாள். ஊரிலுள்ள அத்தனை ஆண்களையும் அண்ணா என்று கூப்பிடுவாள். டீக்கடைக்காரர் அண்ணா, வாட்ச்மேன் அண்ணா, அபராதம் போடும் போலீஸ்காரர்கூட அண்ணா. தர்ஷனை மட்டும் "டிரைவரே" என்பாள். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட அண்ணா வரவில்லை. இந்த ஒரே ஆதாரத்தை வைத்துக்கொண்டு தர்ஷன் ஆறு வருஷம் நம்பிக்கையாக இருந்தான். மேற்கொண்டு ஆதாரம் கிடைத்ததும் பேசலாம் என்றிருந்தான்.

அதற்குள் சட்டம் வந்தது. எல்லா வேனுக்கும் பின்கண். பின்னாட்கள் மூன்று மாதம் பெட்டிக்கு வேலை பழக்க வேண்டும், பழகியதும் வீட்டுக்குப் போகலாம் என்று கம்பெனி அறிவித்தது. வீட்டுக்குப் போகலாம் என்பதைச் சலுகை போலவே அறிவித்தது. மூன்று மாதம் முடிந்த மறுநாள் காலை சுபிக்ஷா வரவில்லை. ராத்திரி அவள் போனுக்கு, 'தங்கள் சேவை நிறைவுற்றது' என்று வந்ததாம். பூச்செண்டு படம் போட்டு. தர்ஷனுக்கு அதைச் சொன்னது வாட்ச்மேன்.

அன்று காலை முதல் ரிவர்சிலேயே வேன் அலறத் தொடங்கியது.

*

சனிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் ரிவர்ஸ் கியரே பூட்டிக்கொள்ளும் என்று திரை மிரட்டத் தொடங்கியபிறகுதான் கம்பெனி ஆள் அனுப்பியது. வந்தவன் நவநீதன். திருச்சிக்காரன், படித்து முடித்த சூடு ஆறாதவன். ஷெட்டில் வேனைச் சுற்றி வந்து பம்பர் முன்னால் குந்தினான்.

"மண்ணா இருக்கும்ணா. இந்த மாதிரி கேஸ்ல பாதிக்கு மேல மண்ணுதான்."

பம்பரில் வரிசையாக நான்கு வட்டங்கள், சட்டைப் பித்தானைவிடக் கொஞ்சம் பெரிசு. அவைதான் கண்கள். ஈரத்துணியால் துடைத்தான். ரிவர்ஸ் போடச் சொன்னான். அலறியது.

"நம்பர் பிளேட் ஆடுதோ?" முறுக்கினான். அலறியது. ஒயரை உருவிச் செருகினான். அலறியது. பம்பரின் கீழே தொங்கிய எலுமிச்சை மிளகாய்ச் சரத்தைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"இதோ இருக்காரு குற்றவாளி."

"அதத் தொடாதப்பா, சாமி சமாச்சாரம்."

"அண்ணா, இது ஆடும்போது கண்ணுக்கு நேரா வருது. அதுக்குத் தெரியுமா இது எலுமிச்சம்பழம்னு? ஏதோ ஒண்ணு மோதற தூரத்துல வருதுன்னு கத்தும். இது வேணாம், சின்னதா ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாப் போதும். கண்ணுமேல ஒரு சொட்டு பெயிண்ட் விழுந்தாக்கூடப் போதும், நாள் பூரா கத்தும்."

அறுத்துப் போட்டான். ரிவர்ஸ். அலறியது.

நவநீதன் தோல்வியைப் பின் கதவில் காட்டினான். அங்கே நெடுகத் துளித் துளியாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினான். "இதெல்லாம் என்னதுண்ணா, அம்மை போட்ட மாதிரி?"

"ஏய், கைய எடு!"

ஷெட்டில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டோம் என்று தர்ஷனுக்குப் பிறகுதான் உறைத்தது. குரலைத் தாழ்த்தினான். "பொட்டுப்பா. ஸ்டிக்கர் பொட்டு. இங்க வேலை செஞ்சவங்க வேர்த்து வடிஞ்சா எடுத்துக் கதவுல ஒட்டிருவாங்க. அப்பறம் மறந்துருவாங்க. அது கதவுலதான இருக்குது? கண்ணுல இல்லியே? உன்னைய அது என்ன பண்ணுச்சு?"

நவநீதன் நகத்தைப் பார்த்தான். மெரூன் நிறத்தில் ஒன்று ஒட்டியிருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பழைய இடத்திலேயே ஒட்டினான்.

அடுத்து நடந்ததுதான் வினோதம். அலறும்போது பம்பரில் என்ன நடக்கிறது என்று பக்கத்திலிருந்து பார்க்க அவன் வேனின் இடது மூலையில் போய் நின்றான். தர்ஷன் ரிவர்ஸ் போட்டான். அலறல் இல்லை. மெலிதாக ஒரு சிணுங்கல்தான்.

"ஆச்சா?"

"இருங்க." நகர்ந்தான். அலறல். திரும்ப வந்து நின்றான். சிணுங்கல். "அண்ணா, இது என்னைய வச்சு விளையாடுதா?"

திருப்பூரில் ஆளுக்குப் பஞ்சம் வரலாம், பொம்மைக்கு வராது. பக்கத்துக் கடையிலிருந்து ஏற்றுமதிக்குத் தேறாத டீ ஷர்ட் போட்ட ஒரு துணிக்கடைப் பொம்மையைக் கொண்டுவந்து மூலையில் நிறுத்தினார்கள். வேன் முன்னைவிடக் கோபமாக அலறியது.

நவநீதன் மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு டீ குடித்துக்கொண்டிருந்த தர்ஷனிடம் வந்தான்.

"அண்ணா, உங்க பின்னாள் லீவே போட மாட்டாங்களா?"

"ஏன்?"

"பழைய சென்சார்னா சத்தம் அனுப்பும், அது திரும்பி வர்றத வச்சு தூரம் சொல்லும். அவ்வளவுதான். இது அப்படி இல்ல. பழகிக்கும். மூணு மாசமும் பத்திரமா நடந்த ஒவ்வொரு ரிவர்சும் எப்படி இருந்துச்சுன்னு பாத்து வச்சுக்கும். மத்த வண்டில பின்னாட்கள் மாறி மாறி வந்தாங்க. லீவு போட்டாங்க, பீடி குடிக்கப் போனாங்க, ஒரு நாள் இடப்பக்கம் நின்னாங்க, ஒரு நாள் வலப்பக்கம். அதனால ஆளு நிக்கறதுக்கும் பத்திரத்துக்கும் சம்பந்தமில்லைன்னு அந்தப் பெட்டிங்க புரிஞ்சுகிச்சு. உங்க வண்டில ஒரே ஆளு. ஒரே மூலை. ஒரே தூரம். ஒரு நாள் விடாம. தீபாவளிக்குக்கூட வந்திருக்காங்க."

"வந்தாங்க. ஒரு வாட்டி நல்ல காய்ச்சல். போங்கன்னு சொன்னேன், போகல."

"அதான். அந்த இடத்துல அவங்க இருந்தாத்தான் பத்திரம்னு இது முடிவு பண்ணிருச்சு. நான் நின்னப்ப ஏதோ ஒரு ஆளாவது இருக்கேன்னு சமாதானமாச்சு. பொம்மைய வச்சப்ப ஏமாத்தறாங்கன்னு கோபம் வந்துருச்சு." நவநீதன் டீயை வாங்கிக்கொண்டான். "நாம எல்லாரும் தப்பா தேடிட்டிருந்தோம்ணா. பின்னால யாரோ இருக்காங்கன்னு இது கத்தல. அவங்க இல்லைன்னு கத்துது."

ஆறு வருஷமாக ஒரு மனுஷன் வாயைத் திறக்காமல் வைத்திருந்ததை ஒரு டப்பா ஊருக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. சென்னியப்பனிடம்கூடச் சொல்லியிருக்கிறது.

"அதையே சொல்லிட்டுக் கத்தலாமில்ல? எதுக்குக் கத்துதுன்னு?"

"அந்த வசதி அடுத்த மாடல்ல வருதாம்ணா."

"இப்ப என்ன பண்றது?"

"பெட்டிய மொத்தமா அழிக்கலாம். ஆனா மறுபடி மூணு மாசம் பழக்கணும், அதுவரைக்கும் வண்டி ஷெட்ல. கம்பெனி ஒத்துக்காது. இன்னொரு வழி, பழக்கம் கழிக்கறது." நவநீதன் கொஞ்சம் யோசித்தான். "அவங்க போனத இது பாக்கல. நின்னாங்க, நின்னாங்க, ஒரு நாள் காணோம். அதான் பயந்துபோச்சு. அவங்க வந்து அதே இடத்துல நின்னு, இது பாத்துட்டிருக்கறப்பவே நடந்து போகணும். வண்டி பத்திரமா உள்ள போகணும். நாலஞ்சு வாட்டி பாத்துச்சுன்னா அவங்க போறது பரவால்லன்னு புரிஞ்சுக்கும். அப்பறம் கத்தாது."

"அப்பறம் அவங்க?"

"அப்பறம் அவங்க எதுக்குண்ணா?" என்றான் நவநீதன்.

*

கம்பெனி சுபிக்ஷாவை வரச் சொல்லியிருந்த வெள்ளிக்கிழமை காலை தர்ஷன் சீக்கிரமே ஷெட்டுக்கு வந்தான். கையில் ஒரு பூக்கடைக் கவர். அதில் பூ இல்லை.

அன்றிலிருந்து யோசித்து அவன் வந்து சேர்ந்த முடிவு எளிமையானது. நாலைந்து முறை அவள் நடந்து போவாள். பெட்டி அடங்கும். நவநீதன் முடிந்தது என்று பதிவு செய்வான். அவள் வீட்டுக்குப் பல்லடம் பஸ் ஏறுவாள். பிறகு இந்த உலகத்தில் அவளைத் தேடி அலற ஒரு ஜீவன் இருக்காது. பெட்டி அடங்கக் கூடாது. இன்று அடங்காவிட்டால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். இன்னொரு நாள் என்பது தர்ஷனுக்குப் போதும். ஆறு வருஷம் போதாதவனுக்கு இன்னொரு நாள் எப்படிப் போதும் என்று கேட்கக் கூடாது. காதலில் கணக்கு வராது. தர்ஷனுக்குப் பள்ளியிலும் வராது.

கவரிலிருந்து புது எலுமிச்சை மிளகாய்ச் சரத்தை எடுத்தான். பம்பருக்கு அடியில், இடது கோடிக் கண்ணுக்கு நேராக ஆடும்படி கட்டினான். "சாமி, தப்பா எடுத்துக்காத" என்றான். சாமிக்கு இப்படிப்பட்ட வேலை இதுதான் முதல் தடவையாக இருக்கலாம்.

நடுவில் ஒரு பயம் மிச்சமிருந்தது. பழக்கம் கழிக்கும்போது வேனுக்குப் பின்னால் அவளைத் தவிர வேறு யாரும் போகக் கூடாது, பெட்டி குழம்பிவிடும் என்று நவநீதன் சொல்லியிருந்தான். அதாவது சரத்தைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான். அவள் சும்மா பார்ப்பவள் இல்லை. டயரில் ஆணி ஏறியிருந்தால் மூன்று நாள் முன்னாலேயே சொல்லிவிடுபவள். பார்த்தால் அறுத்துவிடுவாள். அறுத்துவிட்டு, "ஏன் டிரைவரே, இதுகூடத் தெரியாதா?" என்பாள். ஐந்தே நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

அவள் பத்து மணி பஸ்ஸில் வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். நெற்றியில் அதே மெரூன் பொட்டு.

"என்ன டிரைவரே, வண்டிய நல்லாக் கெடுத்து வச்சிருக்கீங்களாட்டிருக்குது?"

"நானென்னங்க கெடுத்தேன்? நீங்க பழக்குனதுதான்."

"நான் பழக்குன வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

"இப்ப எங்கீங்க வேலை?"

"கோழிப்பண்ணைல. முட்டை எண்றது."

"மெசின் எண்ணாதுங்களா?"

"மெசின்தான் எண்ணுது. அது சரியா எண்ணுதான்னு நான் எண்ணோணும். எனக்குத் தப்புனா மெசின் சொல்லிக் குடுக்குது. நாங்க ரெண்டு பேரும் பேசறதில்லீங்க."

நவநீதன் தர்ஷனுக்குப் பக்கத்தில் முன் சீட்டில் ஏறிக் கம்ப்யூட்டரை விரித்தான். அது விரிந்திருக்கும்வரை திரையில் கேள்வி வராது, பிரேக்கும் பிடிக்காது. "அக்கா, மூலைல நில்லுங்க. எப்பவும் போலத் தட்டுங்க. பாதி தூரம் வந்ததும் திரும்பிப் பாக்காம நடந்து போயிருங்க. வண்டி தானா உள்ள வரும்."

"திரும்பிப் பாக்காமயா?"

"பாத்தா இது வருவீங்கன்னு நெனச்சுக்கும்."

தர்ஷன் ரிவர்ஸ் போட்டான். அலறல் இல்லை. அவள் நிற்கிறாள், அதனால் எலுமிச்சைகூட அதற்கு ஆபத்தாகத் தெரியவில்லை. இரண்டு தட்டு. முதுகில் வந்து விழுந்தன. அவன் கண்ணாடியைப் பார்த்தான். 'கண்ணாடியில் தெரிவது உண்மையில் இன்னும் அருகில் உள்ளது' என்று அதில் எழுதியிருந்தது. தர்ஷன் இதுவரை நம்பிய ஒரே விளம்பரம் அது. இரண்டு தட்டு. மறுபடி இரண்டு. பிறகு அவள் திரும்பி நடந்தாள். பச்சைப் புடவை கண்ணாடியின் ஓரத்துக்குப் போய், ஓரத்தைத் தாண்டிப் போனது.

வேன் அலறியது.

"பரவால்ல, முதல் வாட்டி அப்படித்தான்" என்றான் நவநீதன்.

வண்டியை முன்னால் எடுத்து மறுபடி வந்தார்கள். அவள் நின்றாள், தட்டினாள், போனாள். அலறியது. மூன்றாவது முறை அவள் மூலையில் வந்து நின்றதும் தட்டு உடனே வரவில்லை. தர்ஷன் கண்ணாடியில் பார்த்தான். அவள் குனிந்திருந்தாள். பம்பரைப் பார்க்கிறாள். அவள் இன்னும் குனிந்து தரையில் எதையோ பார்த்தாள். நிமிர்ந்தாள். ஒரு கணம் கண்ணாடிக்குள் நேராக அவனைப் பார்த்தாள். பிறகு மறுபடி பம்பர் பக்கம் குனிந்து ஏதோ செய்தாள்.

போச்சு என்று நினைத்தான்.

இரண்டு தட்டு வந்தன. வண்டி நகர்ந்தது. அவள் நடந்தாள். கண்ணாடியின் ஓரத்தைத் தாண்டினாள். தர்ஷன் மௌனத்துக்காகக் காத்திருந்தான்.

வேன் அலறியது. சந்தோஷத்தில் அவன் கிளட்சை விட்டான். வண்டி குலுங்கி நின்றது.

"என்னண்ணா இது, சிரிக்கறீங்க?" என்றான் நவநீதன்.

"பல்லு வலிப்பா."

அதற்குப் பிறகு எத்தனை முறை என்று யாரும் எண்ணவில்லை. நின்றாள், தட்டினாள், போனாள். அலறியது. வெயில் ஏறியது. ஷெட்டின் மற்ற டிரைவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "இந்த அக்கா பொறந்த வீட்டுக்குப் போறது, வர்றதாட்டவே இருக்குது" என்று ஒருவன் சொன்னான்.

"கண்ணுல ஏதாச்சும் ஒட்டியிருக்கான்னு இன்னொரு வாட்டி துடைச்சுப் பாக்கலாமில்ல?" என்று இன்னொரு டிரைவர் யோசனை சொன்னபோது தர்ஷனுக்கு உயிர் போய் வந்தது.

"முடியாதுண்ணா" என்றான் நவநீதன் சோகமாக. "துடைச்சாச்சுன்னு அன்னைக்கே பதிஞ்சுட்டேன். பழக்கம் கழிக்கிற கட்டத்துக்கு வந்தபிறகு துடைக்கிற கட்டத்துக்குத் திரும்பிப் போக இது விடாது."

மத்தியானம் நிறுத்தினார்கள். நவநீதன் தலைமை அலுவலகத்தோடு பேசப் போனான். தர்ஷனும் சுபிக்ஷாவும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஆறு வருஷத்தில் முதல்முறையாக, நடுவில் துணி ரோல் இல்லாமல். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நெற்றியில் பொட்டைக் காணோம். வேர்வையில் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"நீங்க போன அன்னைக்கு" என்று தொடங்கினான். "வாட்ச்மேன் சொல்லித்தானுங்க தெரியும்."

"எனக்கு மட்டும்? பூப்படம் போட்டு வந்துச்சு. காலைல வந்து சொல்லிட்டுப் போலாம்னு கெளம்புனேன். கேட்டுல கைரேகை எடுக்கல. வெளிய நின்னேன். உங்க வண்டி கத்தறது கேட்டுச்சு." டீயை ஊதினாள். "உள்ளார போய் ரெண்டு தட்டு தட்டோணும்போல இருந்துச்சு. கை அப்படியே நின்னுபோச்சு."

"கூப்புட்டிருக்கலாமில்லீங்க."

"நீங்க கூப்புட்டிருக்கலாமில்ல?"

டீக்கடைக்காரர் பதில் தேடித்தர வந்ததுபோல வந்து, "வேற என்னம்மா வேணும்?" என்றார்.

"போதுங்கண்ணா" என்றாள். பிறகு தர்ஷனைப் பார்த்து, "உங்களுக்கு, டிரைவரே?" என்றாள்.

"எனக்குப் போதாதுங்க" என்றான் தர்ஷன். டீக்கடைக்காரர் இன்னொரு டீ போட்டார்.

நவநீதன் திரும்பி வந்தான். முகம் குழம்பியிருந்தாலும் குரல் தெளிவாக இருந்தது. "அக்கா, நாளைக்கும் வரணுமாம். அடங்கற வரைக்கும் தினமும். பழக்கம் கழிக்கிற வரைக்கும் கியர் பூட்டாது. எத்தனை நாளானாலும் பரவால்ல, இது பயிற்சிச் செலவுல போகுது, அதை யாரும் கேக்க மாட்டாங்களாம். உங்க வேலைக்குப் பேரும் வச்சிருக்காங்க. 'இல்லாமை உதவியாளர்.'"

"இல்லாம இருக்கறதுக்குச் சம்பளமா?" என்றாள் சுபிக்ஷா. "இத்தன நாளா சும்மாவே இருந்துட்டேனே."

*

அவள் பஸ்ஸுக்குப் போனபிறகு, ஷெட் கலைந்தபிறகு, தர்ஷன் மெதுவாக வேனுக்குப் பின்னால் வந்தான். சரத்தை அவிழ்த்து ஒளித்து வைக்க வேண்டும். நாளைக்கு வேண்டும்.

பம்பருக்கு அடியில் சரம் இல்லை. நூலின் முடிச்சு மட்டும் இருந்தது.

தரையில் தேடினான். பின் சக்கரத் தடத்தில் கிடந்தது. எலுமிச்சை நசுங்கி, சாறு போய், விதை தனியாகத் தெறித்து, வெயிலில் தோல் சுருண்டு காய்ந்திருந்தது. இப்போது நசுங்கியது இல்லை. அதன்மேல் எத்தனையோ முறை வண்டி ஏறி இறங்கியிருந்தது. இரண்டாவது ஓட்டத்திலேயே விழுந்திருக்க வேண்டும். மூன்றாவதில் அவள் குனிந்து பார்த்தது தரையில் கிடந்த இதைத்தான்.

அப்படியானால் அதற்குப் பிறகு மத்தியானம்வரை எது அலறியது?

தர்ஷன் பம்பர் முன்னால் மண்டியிட்டான். நான்கு கண்கள். மூன்று கறுப்பு. இடது கோடிக் கண்ணின் நட்டநடுவில், அளந்து வைத்தது மாதிரி, மெரூன் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

எழுந்திருக்க மனசு வரவில்லை. பொட்டின் ஓரம் வெயிலில் லேசாகப் பிரிந்து வந்திருந்தது. கட்டைவிரலை வைத்து, ஓரம் ஒட்டும்படி நன்றாக அழுத்தினான்.

பிறகு வேனை ஷெட்டின் மூலையில் விட ஏறினான். ரிவர்ஸ் போட்டான். ஊரே அதிர அலறியது. அடுத்த தெரு நாய்கள் பதிலுக்குக் குரைத்தன.

"யோவ், இன்னுமா சரியாகல?" வாட்ச்மேன் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். "பின்னால ஆளு இருக்குதா பாரு!"

திரையும் அதையே கேட்டது. ஆம், இல்லை.

தர்ஷன் இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை. ஊரில் யாரும் இதுவரை தொடாத பொத்தானை அழுத்தினான். பிரேக் இறுகி வண்டி நட்டநடு ஷெட்டில் நின்றது. இனி ஆள் வந்து, நின்று, நகர்ந்தால்தான் அசையும்.

"இருக்குதுங்க" என்றான் ஜன்னல் வழியாக. "நாளைக்குக் காலைல வருது."